தொண்ணூற்றாறாம் பக்கம் வரை

நகர நூலகத்தின் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொண்ட நூலகருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் விளக்கெண்ணெய். அதைக் குடித்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் முகம் எந்நேரமும் இருந்தது. பெயர் வைத்தது யாரென்று அவர் விசாரிக்கவில்லை. கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பொருத்தமான பெயர்தான், பிள்ளைகளுக்குச் சொல்வளம் இருக்கிறது என்று மகிழ்ந்துபோனார். அந்த மகிழ்ச்சி முகத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பிறக்கும்போதே அவருக்கு அந்த முகம் இல்லை. ‘புதிய பன்னிரண்டு’ கொடுத்த முகம் அது.

வருடா வருடம் பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் வந்த புதிய புத்தகங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிந்துரை வரி எழுதி, பெரிய சுவரொட்டியாக அடித்து, ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் நூலகம் அனுப்பும். தேர்வுக்குழுவில் மூன்று பேர்: தலைமை நூலகர் அம்மையார், மேடைப் பேச்சாளர் ஒருவர், விளக்கெண்ணெய். இந்த வருடம் வந்தவை நூற்று நாற்பது. சிறுவர் பிரிவுக்குப் பின்னால் உள்ள சரக்கறையில், ஆறு வயதுப் பிள்ளைக்காகச் செய்த நாற்காலியில், முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்து அவர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தார்.

பிரிக்கப் பிரிக்க வயிற்றைப் புரட்டியது. அணில் ஒன்று நேர்மை பற்றிப் பேசியது. ஆமை ஒன்று நேரம் தவறாமை பற்றிப் பேசியது. பல் துலக்காத முதலை பல் துலக்கித் திருந்தியது. பதின்வயதினருக்கான நாவல்கள் இன்னும் மோசம். முதல் அத்தியாயத்தில் செல்போனும் கையுமாக இருந்த பையன், ஐந்தாம் அத்தியாயத்தில் மரத்திலிருந்து விழுந்து, எட்டாம் அத்தியாயத்தில் கட்டுப்போட்ட காலோடு வானத்தைப் பார்த்து, ‘அட, நட்சத்திரம்’ என்றான். எந்தக் கதையாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் யாராவது ஒருவர் மரக்கன்று நட்டார். விளக்கெண்ணெய் எண்ணிப் பார்த்தார். அறுபத்தொரு கன்றுகள். அத்தனையும் பிழைத்திருந்தால், இந்தப் புத்தகங்களுக்கு வெட்டிய மரத்தை ஈடுகட்டியது போக ஒரு சின்னக் காடே மிஞ்சியிருக்கும்.

நூற்று நாற்பதையும் முழுதாகப் படிக்க யாரால் முடியும்? அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் இருபது பக்கம் படிப்பார். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கன்று இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மூடிவிடுவார். மற்ற இருவருக்கும் அவரவர் முறை உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் மூன்று கட்டம் போட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். படித்தவர் தம் கட்டத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். முதல் ஒப்பம்தான் விழக் கஷ்டப்படும். அது விழுந்துவிட்டால் மற்ற இரண்டும் ஈ மாதிரி தாமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இத்தனை குமட்டலையும் அவர் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய மகள். பதினாலு வயது. எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அவர் கையிலிருந்துதான் புத்தகம் வாங்கினாள். போன வருடப் பன்னிரண்டில் மூன்றைப் படித்துவிட்டு வந்து, “இதெல்லாம் நீங்க படிச்சுட்டுத்தான் சொன்னீங்களா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றார். அதற்குப் பிறகு பதினாலு மாதம் அவர் நீட்டிய எந்தப் புத்தகத்தையும் அவள் தொடவில்லை. சண்டை எதுவும் இல்லை. “அங்க வச்சிடுங்கப்பா” என்பாள். வைத்த இடத்தில் அது தூசு சேர்த்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை, அவர் நீட்டியதை அவள் கைநீட்டி வாங்கிவிட்டால் போதும் என்று அவருக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான், நூற்றுப் பதினெட்டாவதாகக் குதிரை வந்தது.

‘எட்டாம் மாடியில் ஒரு குதிரை’ என்று பெயர். நூற்று இருபத்தெட்டுப் பக்கம், பதின்வயதினருக்கானது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒருநாள் காலை ஒரு குதிரை நிற்கிறது. எப்படி ஏறியது என்று யாருக்கும் தெரியாது. கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் அதைப் பார்க்கிறாள், ஒளித்து வைக்கிறாள். எட்டாம் பக்கத்தில் குதிரை லத்தி போட்டது. விளக்கெண்ணெய் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை வந்த அத்தனை புத்தகங்களிலும் லத்தி போட்ட ஒரே பிராணி இதுதான். மற்றவை எல்லாம் அறிவுரைதான் போட்டன.

அந்தப் பெண் லத்தியை வாளியில் அள்ளி, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடி, லிஃப்டில் கீழே கொண்டுபோகிறாள். மூன்றாம் மாடியில் ஒரு மாமி ஏறி, மூக்கை உறிஞ்சி, “உங்க வீட்ல என்ன சமையல்?” என்கிறாள். அவர் சிரித்துவிட்டார். சரக்கறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு, தண்ணீர் போத்தல் எடுக்க வந்த துப்புரவுப் பணியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ வெளியாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நாற்பதாம் பக்கத்தில் அவர் நிறுத்தினார். வழக்கப்படி கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். விரல் போகவில்லை. அங்கே ஒரு கன்று இருந்துவிட்டால்? ஒரு வருடமாகத் தேடிக் கிடைத்த ஒரே நல்ல சாமானை நாமே தூக்கிப்போட்டு உடைப்பானேன்? பார்க்காதவரை உடையாது. தம் கட்டத்தில் ஒப்பமிட்டுப் புத்தகத்தை மூடினார். பிடிக்காத புத்தகத்துக்கெல்லாம் கடைசிப் பக்கம் பார்த்தவர், பிடித்துப்போன புத்தகத்துக்குப் பார்க்காமல் விட்டார். ஆசை அறிவை மறைக்கும் என்பார்கள். அவருக்கு அது எண்பத்தெட்டுப் பக்கத்தை மறைத்தது.

ஒரு வாரத்தில் மற்ற இரண்டு கட்டமும் நிரம்பின. பேச்சாளர் பரிந்துரை வரியும் எழுதித் தந்தார்: ‘மௌனத்தையே முடிவாக்கிய துணிச்சலான நாவல்.’ விளக்கெண்ணெய்க்கு மெய்சிலிர்த்தது. முடிவைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார் என்றால் மனிதர் முழுதாகப் படித்திருக்கிறார். கன்றும் இல்லை, மௌனம்தான். அன்று மாலையே அந்தப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மகள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“குதிரையா?” என்றாள் அட்டையைப் பார்த்து. “பேசுமா?”

“பேசாது. லத்தி போடும்.”

பென்சிலை வைத்தாள். “நீங்க படிச்சீங்களா?”

“முழுசா.”

“முடிவு?”

“பிரமாதம்.”

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பல் மருத்துவமனையில் செவிலி. திறந்த வாய்க்குள் எது சொத்தை என்று பார்த்ததும் சொல்பவள். “என்னங்க, முகம் இவ்வளவு தெளிவா இருக்கு? உடம்பு எதுவும் சரியில்லையா?”

அவருடைய முகம் பொய் சொல்லும்போது மட்டும்தான் மலரும். இருபது வருடத்தில் மனைவி அதைக் கண்டுபிடித்திருந்தாள். மகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். புத்தகம் கையில் இருந்தது.

“அப்பா, நேத்தே படிச்சு முடிச்சுட்டேன்.”

“சொன்னேன் இல்ல?”

“கடைசில அந்த வாட்ச்மேன் அவகிட்ட ஒண்ணு சொல்றாரே, அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. முப்பது வருட அனுபவம். “மனசைத் தொட்டுடுச்சும்மா. ஒரு சாதாரண மனுஷன் வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை.”

“குதிரை அப்போ அழுததே?”

“அதான். அந்த இடம்தான்.”

அவள் புத்தகத்தைத் திறந்து வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தொண்ணூற்றேழாம் பக்கம் வெள்ளை. திருப்பினாள், வெள்ளை. இன்னும் திருப்பினாள். நூற்று இருபத்தெட்டு வரை, பக்க எண்கூட இல்லாமல், ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளை. கதை தொண்ணூற்றாறாம் பக்கத்தில், குதிரையின் குளம்பு லிஃப்ட் கதவிடுக்கில் சிக்கிய இடத்தில், பாதி வாக்கியத்தோடு நின்றிருந்தது.

“இதுல எந்த வரிப்பா மனசைத் தொட்டுச்சு?”

மனைவி அடுப்பை அணைத்தாள். இந்தப் பக்கம் வரவில்லை.

மகள் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அழுதிருந்தாலும் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார். அவள் இரண்டும் செய்யவில்லை. கீழுதடு ஒரு பக்கம் இறங்கி, மூக்கு சுருங்கி, கண்கள் அவரைவிட்டு விலகிப் போயின. அது என்ன முகம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகம். பதினாலு வயதில் அது இன்னும் அழகாகப் பொருந்தியது.

“அணில் மாதிரியேதான் நீங்களும்” என்று சொல்லிவிட்டு அவள் பள்ளிக்கூடம் போனாள்.

எந்த அணில் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் அவரே புலம்பித் தீர்த்த, நேர்மை பற்றிப் பேசிய அணில்தான்.

நூலகத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. சுவரொட்டி பன்னிரண்டு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைமை நூலகர் அம்மையாரின் அறையில் பேச்சாளர் ஏற்கெனவே தேநீரோடு உட்கார்ந்திருந்தார். விளக்கெண்ணெய் புத்தகத்தை விரித்து அவர்கள் முன்னால் வைத்தார்.

அம்மையார் நான்கு வெள்ளைப் பக்கங்களைத் திருப்பினார். “யாராவது படிச்சீங்களா இல்லையா?”

“நான் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன் மேடம்” என்றார் பேச்சாளர். “பார்த்துட்டுத்தானே எழுதினேன்? மௌனம்னு. வெள்ளையா இருந்துச்சு. புதுசா ஏதோ பண்ணியிருக்காங்கன்னு நினைச்சேன்.”

விளக்கெண்ணெய்க்கு ஒரு கணம் அவர்மீது மரியாதையே வந்துவிட்டது. மூன்று பேரில் அந்தப் பக்கங்களைக் கண்ணால் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

“வாக்கியம் பாதியில நிக்குதே சார். ‘குதிரை தன்’ அப்படின்னு நிக்குது. அதுகூடவா மௌனம்?”

“தொண்ணூத்தாறை நான் எங்க பார்த்தேன்? கடைசிலேர்ந்து திருப்பினேன். நாலஞ்சு வெள்ளை வந்துச்சு, புரிஞ்சுபோச்சு.” பேச்சாளர் தேநீரை உறிஞ்சினார். “அதுவும் இல்லாம, முதல் கையெழுத்து உங்களோடது சார். உங்களுக்குத்தான் உலகத்துல எதுவுமே பிடிக்காதே. நீங்களே போட்டிருக்கீங்கன்னா நாங்க எதுக்குப் படிக்கணும்?”

“நான் ரெண்டு கையெழுத்து இருக்கான்னு பார்ப்பேன்” என்றார் அம்மையார், தம் பங்குக்கு. “என் முறை அது.”

விளக்கெண்ணெய்க்கு நாக்கின் அடியில் கசந்தது. அவர்கள்மீது கோபப்பட முடியவில்லை என்பதுதான் பெரிய குமட்டலாக இருந்தது. இத்தனை வருடம் முகத்தைச் சுளித்துச் சுளித்து அவர் சேர்த்துவைத்த நல்ல பெயர் இது. அதை நாற்பது பக்கத்துக்கு வைத்துத் தோற்றிருக்கிறார்.

பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். எடுத்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: “ஓ, அதுவா சார். கடைசி ரெண்டு ஃபாரம் சில காப்பில வெள்ளையா போயிடுச்சு. ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், முப்பத்திரண்டு. உங்களுக்குமா வந்துச்சு? எட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினோம், எல்லாரும் பாராட்டி எழுதிட்டாங்க. ஒருத்தரும் சொல்லலையே.”

பதிப்பகம் மூன்று தெரு தள்ளித்தான். நடந்தே போய் ஒரு முழுப் பிரதியை வாங்கினார். நூலகத்துக்குத் திரும்பப் பொறுமை இல்லை. பதிப்பகத்தின் மாடிப்படியிலேயே, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தாண்டிப் போக, உட்கார்ந்து படித்தார். முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரி விடாமல். தொண்ணூற்றாறு வரை புத்தகம் அப்படியே தேனாக இருந்தது. குதிரையின் வியர்வை வாடைகூட மூக்கில் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

‘குதிரை தன் தவறை உணர்ந்தது.’

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். குதிரை என்ன தவறு செய்தது? தெரியவில்லை. ஆனால் உணர்ந்தது. நூற்று ஏழில் வாட்ச்மேன், சின்ன வயதில் படிக்காமல் விட்டதற்காக வருந்தினார். நூற்றுப் பதினைந்தில் மூன்றாம் மாடி மாமி, அண்டை வீட்டாரை நேசிக்க வேண்டும் என்று லிஃப்டுக்குள்ளேயே புரிந்துகொண்டாள். நூற்று இருபத்தொன்றில் குதிரை வாயைத் திறந்து பேசியது. மூன்று பக்கம் பேசியது. நூற்று இருபத்தெட்டில், வாளியில் சேர்த்துவைத்த அந்த அருமையான லத்தியைக் குழியில் உரமாகக் கொட்டி, குடியிருப்பு மொத்தமும் சுற்றி நின்று கைதட்ட, அந்தப் பெண் ஒரு மரக்கன்று நட்டாள்.

அறுபத்திரண்டு.

படியில் இறங்கிக்கொண்டிருந்த தபால்காரர், “என்ன சார், தலைசுத்தலா? தண்ணி தரவா?” என்று கேட்டார். “தலையில்ல, வயிறு” என்றார் விளக்கெண்ணெய்.

பதினொன்றே முக்காலுக்கு அம்மையாரின் அறைக்குள் நுழைந்தார். சுவரொட்டியின் வரைவு மேசையில் இருந்தது. மௌனத்தை அடித்துவிட்டு, சிவப்பு மையால் மேலே எழுதினார்: ‘தொண்ணூற்றாறாம் பக்கம் வரை அற்புதம். அதற்குமேல் குமட்டும். படிப்பது உங்கள் பொறுப்பு.’ கீழே தம் பெயரையும் எழுதினார்.

பேச்சாளருக்கு முகம் செத்துப்போனது. “பரிந்துரைன்னா இப்படியா சார் எழுதுவாங்க? பிள்ளைங்க மனசு என்ன ஆகும்?”

“குதிரை மூணு பக்கம் பிரசங்கம் பண்றதைத் தாங்குற மனசு, இதைத் தாங்காதா?”

“வேற புக்கை மாத்திடலாமே” என்றார் அம்மையார்.

“மாத்தலாம் மேடம். எதை மாத்தறதுன்னு சொல்லுங்க. மிச்சத்துல நாம மூணு பேரும் முழுசாப் படிச்சது எது?”

பேச்சாளர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்று இருமினார்.

அம்மையார் வரைவைச் சுருட்டி அவரிடம் கொடுத்தார். “புகார் வந்தா உங்க பேர்தான் வரும்.”

“என் பேர் எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும் மேடம். உங்களுக்குத்தான் யாரும் சொல்லல.”

மாலையில் வீட்டுக்குப் போய், முழுப் பிரதியை மகள் முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை. அது அவர் எதிர்பார்த்ததுதான்.

“நாப்பது பக்கம்தான் படிச்சிருந்தேன்” என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகம் கோணலாக, படு விகாரமாக இருந்தது. உண்மை சொல்லும் முகம். “ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மேல படிச்சா கெட்டுப்போயிடுமோன்னு பயம். உங்கிட்ட முழுசான்னு பொய் சொன்னேன். இன்னிக்கு முழுசாப் படிச்சேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“அந்த வெள்ளைப் பக்கமே தேவலை.”

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு நேராக நூற்று இருபத்தொன்றைத் திறந்து, குதிரையின் பேச்சை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். “‘அன்புச் செல்வங்களே, நான் நான்கு கால் பிராணிதான். ஆனால் நீங்கள் இரண்டு காலில் நின்றும் ஏன் தடுமாறுகிறீர்கள்?’”

அடுப்படியிலிருந்து வந்த மனைவி கரண்டியோடு நின்றாள். “குதிரையா சொல்லுது? ஒரு பல்லைப் பிடுங்கினா பேச்சு நிக்கும்.”

மகள் இன்னொரு பத்தி படித்தாள். மூக்கு சுருங்கியது, கீழுதடு இறங்கியது. எதிரில் அவருக்கும் அப்படியே. மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எந்த ஆஸ்பத்திரியிலயும் சோதனை வேண்டாம். அப்பாவும் பொண்ணும்தான்.”

மகள் புத்தகத்தை மூடினாள். சிரிக்கவில்லை. “மிச்சம் பதினொண்ணு?” என்றாள்.

“என்ன?”

“சுவரொட்டில பன்னிரண்டு இருக்குமே. மிச்சம் பதினொண்ணு எத்தனை பக்கம் படிச்சீங்க?”

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் கையை மடக்கிக்கொண்டார். அவள் கணக்கு நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

சுவரொட்டி போன இரண்டாம் நாளிலிருந்து சிறுவர் பிரிவில் குதிரைக்கு வரிசை நின்றது. தொண்ணூற்றாறுக்குமேல் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் யாருக்கும் தூக்கம் வராதாம். பார்த்துவிட்டு வந்தவர்கள், புத்தகத்தை மேசையில் வைக்கும்போதே வாந்தி எடுக்கிற மாதிரி நடித்தார்கள். ஒரு பையன் மட்டும், தனக்குக் குதிரை பேசியது பிடித்திருந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். விளக்கெண்ணெய் அவனிடம், “பரவாயில்லப்பா, ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

மூன்று கட்டச் சீட்டுகளை அவர் நகத்தால் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் வேறு சீட்டு ஒட்டினார். அதில் ஒரே வரி: ‘நான் படித்த பக்கங்கள்.’ மிச்சம் பதினொன்றையும் பேருந்தில், சாப்பாட்டு இடைவேளையில், பல் மருத்துவமனை வாசலில் மனைவிக்காகக் காத்திருக்கும்போது படித்தார். இரண்டை முழுதாகப் படித்தார். மற்றவற்றில் எங்கே நிறுத்தினாரோ அந்த எண்ணை எழுதினார்.

மூன்றாவது சனிக்கிழமை சரக்கறைக் கதவு திறந்தது. மகள். நூலகத்துக்குள் அவள் வந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். மேசைமேல் கிடந்ததில் ஒன்றைக் கண்ணால் காட்டினாள்.

“அது?”

“கடலுக்குள்ள ஒரு பள்ளிக்கூடம்.”

“எத்தனை பக்கம்?”

“பதினேழு.”

“ஏன் நிறுத்தினீங்க?”

“மீன் எல்லாம் வரிசையில நின்னு உறுதிமொழி எடுக்குது. குமட்டிச்சு.”

அவள் கையை நீட்டினாள்.

“கொடுங்க, பார்க்கலாம்.”